வாசகர் கேள்வி – பதில்: நம்மை வளர்த்த புத்தகங்கள்

கேள்வி: பதினைந்து வயதில், ஒரு கோடை விடுமுறையில், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் படித்து முடித்தேன். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் மீண்டும் கையில் எடுத்தேன். அன்றைய மயக்கம் வரவில்லை. பல அத்தியாயங்களைப் புரட்டிவிட்டுப் போனேன். ஒரு காலத்தில் உயிராக நேசித்த நூலுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் மனம் உறுத்துகிறது. மாறியது நானா, என் ரசனையா?
– வாசகர், கரூர்

பதில்: உங்கள் உறுத்தலை நானும் அறிவேன். எங்கள் வீட்டில் இருந்தது கடையில் வாங்கிய பதிப்பன்று. அது வார இதழில் மறுபடியும் தொடராக வந்தபோது என் தாயார் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய கட்டு. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தக் கட்டைத் திறந்தால் முதலில் அந்த வாடைதான் வரும். நடுவில் சில வாரங்கள் விடுபட்டிருந்தன. அந்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று நானும் என் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்து வாதாடி, ஆளுக்கொரு கதை சொல்லி நிரப்பிக்கொள்வோம்.

கல்கி அதை 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் எழுதினார். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சு விழுவது, ஏழு நாள் காத்திருக்கப் போகிற வாசகருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அதை ஒரே மூச்சில் படிக்கும்போது, அதுவும் கதை முழுவதும் தெரிந்த பிறகு படிக்கும்போது, அந்த முடிச்சுகள் அலுப்புத் தருவது இயல்பே. அதில் உங்கள் குற்றமும் இல்லை, நூலின் குற்றமும் இல்லை. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துப் பாருங்கள். வேறொரு நூலாக அது கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறான். அந்த முதல் அத்தியாயத்துக்காகவே, திருமணமான புதிதில், என் கணவரை அழைத்துக்கொண்டு, இன்று வீராணம் என்று வழங்கும் அந்த ஏரிக்குப் போனேன். பக்கத்தில் காட்டுமன்னார்கோயில். அங்கே அனந்தீசுவரர் கோயிலில்தான், கரிகாலச் சோழனை (ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை) கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்களுடைய உறவினரின் நிலங்களையும் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. கதையில் இருளில் கூடிச் சதி பேசிய ரவிதாசன், ஏதோ ஒரு சபையார் நிலத்தை விற்றதைப் பற்றிய ஆவணத்தில் வெறும் பெயராக இருந்ததை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அதன் பிறகுதான் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிப் படிக்கலானேன். இன்று அந்த நாவலில் நூறு பக்கம் புரட்டிவிட்டுப் போனாலும், என்னை அந்தச் சுவரருகே கொண்டுபோய் நிறுத்தியது அதுதானே? தாங்களும் அது தங்களை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்று எண்ணிப் பாருங்கள், உறுத்தல் குறையும்.

கேள்வி: அம்மா, முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் என்று முன்பொரு பதிலில் எழுதியிருந்தீர்கள். ஆயிரக்கணக்கான நூல்களைப் படித்திருப்பீர்கள். உங்களை உருவாக்கியது என்று ஒரே ஒரு நூலைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– வாசகி, சென்னை-33

பதில்: தயக்கமே இல்லாமல் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்பேன். ஆனால் அது என் கைக்கு வந்த விதத்தையும் சொன்னால்தான் காரணம் விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், கரிசல் நிலத்து வாழ்க்கையைப் பற்றிய ஒரு நாவலின் புரூஃப் என்னிடம் வந்தது. அதில் ‘வெள்ளாமை’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. நான் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய பெண். ‘வேளாண்மை’ என்பதன் கொச்சை வடிவம் என்று முடிவுகட்டி, சிவப்பு மசியால் எல்லாவற்றையும் அடித்துத் திருத்தினேன். ‘வெள்ளாமை வீடு வந்து சேரவில்லை’ என்று அந்தக் கிழவர் நெஞ்சு நொந்து சொல்லும் இடம், ‘வேளாண்மை வீடு வந்து சேரவில்லை’ என்றாயிற்று. அச்சுக்கோப்பில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். திருத்திய தாளைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, “அம்மா, எங்க ஊர்ல வயல்ல நிக்கிற பயிரைத்தான் வெள்ளாமைன்னு சொல்லுவோம். வேளாண்மை எப்படிம்மா வீடு வந்து சேரும்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் வாய் இல்லை. அன்று மாலை எல்லாத் திருத்தங்களையும் ஒவ்வொன்றாக நீக்கி எழுதினேன். இரண்டு நாள் கழித்து, பழைய செய்தித்தாளில் அட்டை போட்ட ‘என் சரித்திரம்’ நூலை அவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் பகுதியை நீங்கள் படித்திருக்கலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட இருபத்தைந்து வயது இளைஞர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ அவற்றுக்கு மசியாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். பலரும் மேற்கோள் காட்டுவது அந்த இடத்தைத்தான். என்னைத் தடுத்தாட்கொண்டது அதற்குப் பிறகு வருவது. சிந்தாமணியின் ஏடுகளை வைத்துக்கொண்டு, நச்சினார்க்கினியர் உரையோடு போராடுகிறார். சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. ஏடு பிழையாக இருக்கலாம், உரை பிழையாக இருக்கலாம் என்று எண்ணித் தம் போக்கில் திருத்திக்கொண்டு போயிருக்க முடியும். அவரோ அதே ஊரில் வாழ்ந்த ஜைனர் வீட்டைத் தேடிப் போகிறார். வாசலில் மாக்கோலம், தோரணம். வீட்டில் ஏதேனும் விசேஷமா என்று கேட்டால், ஆறு மாதமாகச் சிந்தாமணி படனம், அதாவது கூடியிருந்து படித்துக் கேட்பது, நடந்து அன்றுதான் நிறைவேறியது என்கிறார்கள். யாருக்கும் தெரியாத பழைய காப்பியம் என்று தமிழ்ப் பண்டிதர்கள் நினைத்திருந்த நூல், சில தெருக்கள் தள்ளி, தோரணம் கட்டிக் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடத்தைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. எனக்கு விளங்காத ‘வெள்ளாமை’யும் அப்படித்தானே பத்தடி தள்ளி, அச்சுக்கோப்பு மேசையருகே நின்றுகொண்டிருந்தது! அதன் பிறகு முப்பது ஆண்டுகளில், எனக்குத் தெரியாத சொல் கண்ணில் பட்டால் சிவப்பு மசியைத் தொடுவதற்கு முன் யாரிடமாவது கேட்பேன்: தறி நெய்கிறவரிடம், மீன் விற்கிற அம்மாவிடம், நாகர்கோவிலிலிருந்து வந்த தோழியிடம். கேட்டு எழுதிய நோட்டுகள் இன்று ஏழு சேர்ந்திருக்கின்றன. ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதாவது அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் உழைத்திருக்கிறார். சுயசரிதையை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தவர், அது முற்றுப்பெறும் முன்பே 1942இல் மறைந்தார். அந்த நூல் முடியாமல் நின்றுபோகும் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் கனத்துப்போகிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், நான் போற்றும் நூல்களைத் தொடவே மறுக்கிறாள். எப்படிப் படிக்க வைப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் போற்றும் நூல்களைப் பற்றி அவளிடம் பேசுவதைச் சில மாதங்கள் நிறுத்திவையுங்கள். என் மகளுக்கும் நான் நீட்டிய எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள், மெலிதாக இருக்கிறதே என்பதற்காக மட்டும், அலமாரியிலிருந்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை அவளே உருவினாள். ஒரே மதியத்தில் முடித்துவிட்டு, “ஏம்மா, இந்த டீச்சரம்மா சொல்றதெல்லாம் ஜமுனாவுக்கு ஆறுதலா, இல்ல அதட்டலா?” என்று கேட்டாள். குழாயில் தண்ணீர் வராத சென்னையைப் பற்றிய கதை என்று மட்டுமே அதை நினைத்துவைத்திருந்தவள் நான். குடம் குடமாகச் சுமக்கிற பெண்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க, நாற்பத்தாறு வயதில், அவள் கேள்விக்காக மறுபடியும் படித்தேன். 2004 முதல் நாங்கள் குடிப்பதும் அதே வீராணத்துத் தண்ணீர் என்பதை அன்று அவளுக்குச் சொன்னேன். அடுத்த வாரமே கல்கியின் முதல் பாகம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. உங்கள் மகளுக்கு வேறு வழியாக வரும். அலமாரியைப் பூட்டாமல் வையுங்கள்.

கேள்வி: நான் பட்டப்படிப்பு மாணவன். நீங்களெல்லாம் சொல்லும் நூல்களின் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. வாங்க வசதியில்லாதவன் எப்படி வாசகனாவது?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: தம்பி, நான் முதல் சம்பளம் வாங்கும்வரை சொந்தக் காசில் ஒரு நூலும் வாங்கியவளில்லை. நம் மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது; இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. அதன் பின்னே நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். உங்கள் ஊரில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். ஆகவே அங்கே இருப்பது யாரோ போட்ட தருமம் அன்று. கூச்சமில்லாமல் உள்ளே போங்கள். வேண்டிய நூல் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், ஒரு முறை இல்லையென்றால் மறுமுறையும் கேளுங்கள்.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. எல்லோரும் அதைச் சொல்வார்கள். எனக்கு அடுத்த விதியின்மீதுதான் பிரியம் அதிகம்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். கிளை நூலகம் ஒன்றில், நாட்டுப்புற வழக்குச் சொற்களின் தொகுப்பு ஒன்றை நான் எடுத்தபோது, பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் என் முத்திரைக்கு மேலே இருந்த முத்திரை பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தது. பக்கங்களுக்கிடையில் ஒரு பேருந்துச் சீட்டு. அது வைக்கப்பட்டிருந்த பக்கத்தில் ஒரு சொல்லுக்கு அருகே பென்சிலால், “எங்கள் பாட்டியும் சொல்வாள்” என்று எழுதியிருந்தது. அதை அழிக்காமல், சீட்டை அதே இடத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.