ஒரே கட்டுரைக்கு ஏழா, ஐந்தா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நான் 7 போட்ட கட்டுரைக்குப் பக்கத்துப் பிரிவு ஆசிரியர் 5 போடுகிறார். ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று அட்டவணை போட்டும் தீரவில்லை. என்ன செய்வது?

பதில்: ‘நன்று’ என்பது மதிப்பெண்ணுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். தாளில் எது இருந்தால் நன்று என்பதை அல்லவா கட்டத்துக்குள் எழுத வேண்டும்!

பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: கருத்து 4, அமைப்பு 2, சொற்றொடர் 2, எழுத்துப்பிழை 2. இதற்கு மேல் கூறுகள் வேண்டாம். நாற்பது தாள் திருத்துகிறவருக்கு நினைவில் நிற்காது. கருத்தில், மூன்று கருத்துகள் காரணமோ உதாரணமோ காட்டி விளக்கப்பட்டிருந்தால் 4. இரண்டு என்றால் 3. ஒன்று என்றால் 2. விளக்கமே இல்லாத வெறும் கருத்துகளுக்கு 1. ஆனால் எல்லாவற்றையும் எண்ணிக்கையில் கட்டிவிடாதீர்கள். ‘இரண்டு மேற்கோள் வேண்டும்’ என்று எழுதினால், பொருந்தாத குறளெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் இருவருக்கும் இடையிலான 2 மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துப்பிழையில்தான் போயிருக்கும். ஒருவர் ற, ர குழப்பத்துக்குப் பிழையிலும் குறைக்கிறார், சொற்றொடரிலும் குறைக்கிறார். ஒரே சொல் ஆறு இடத்தில் தப்பாக வந்தால் ஒரு பிழையா, ஆறா? ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். சொற்றொடரில் எழுவாய்–பயனிலை இயைபு, வாக்கியம் முடிந்திருக்கிறதா என்பவற்றை மட்டும் பாருங்கள். கையெழுத்து எந்தக் கூறிலும் இல்லையென்றால் அதற்காகக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. சொல்வது எளிது, ஆனால் அழகான கையெழுத்து கருத்தையும் அழகாகக் காட்டிவிடும். அதனால் எல்லாத் தாளுக்கும் முதலில் கருத்தை மட்டும் போடுங்கள். பிறகு தாள்களின் வரிசையை மாற்றி அடுக்கி அடுத்த கூறுக்கு வாருங்கள்.

திருத்தத் தொடங்குமுன் ஐந்து தாள்களை நகலெடுத்து இருவரும் தனித்தனியே மதிப்பிடுங்கள். ஒரு கூறில் 1 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால் நடுவில் ஓர் எண்ணைப் பேசி முடிக்காதீர்கள். அந்தக் கட்டத்தின் வாசகத்தைத் திருத்துங்கள். அட்டவணையைக் கட்டுரை எழுதும் முன்பே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குழுச் செயல்திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடலாமா?

பதில்: வேண்டாம். பத்தில் 6 குழுவின் வேலைக்கு, 4 தனி ஆளுக்கு. அந்த நான்குக்கு ஒவ்வொருவரிடமும், தான் செய்யாத பகுதியிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள், தலா 2. தன் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்து வந்தவர் அங்கே தெரிந்துவிடுவார்.