போயிட்டு வரேன்

கேள்வி: நேபாளத்தில் தன்னார்வ ஆசிரியையாக இருந்தீர்களே, கிளம்பும்போது குழந்தைகளிடம் என்ன சொன்னீர்கள்?
– வாசகி, தேனி

பதில்: 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோர்க்கா மாவட்டத்தில், தகரக் கொட்டகைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் பிள்ளைகள் வரிசையாக வந்து செண்டுமல்லி மாலை போட்டார்கள். தயிர், அரிசி, சிவப்புப் பொடி குழைத்த டீகாவை நெற்றியில் அப்பினார்கள்.

வந்து வந்து போகிறவர்களை நிறையப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். ‘திரும்பி வருவேன்’ என்று பொய் வாக்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு வாரமாக மனசைத் தயார் செய்திருந்தேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாதி தேய்ந்த பென்சிலை என் கையில் திணித்து, “ஃபேரி பேட்டௌலா, மிஸ்” என்றாள். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். ‘போறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “போயிட்டு வரேன், கண்ணு” என்றேன், தமிழிலேயே.

காத்மாண்டு வரும்வரை பஸ்ஸில் டீகா காய்ந்து மடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது.