அந்த ராப் பாட்டும் பின்சீட்டு மாமியாரும்

சிங்கப்பூர் செங்காங்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையன் ஸெக் 2 (உயர்நிலை ரெண்டாம் வருஷம்), எந்நேரமும் காதுல ராப் தான். தேக்காவுக்கு கார்ல போறப்ப அவன் போன் ப்ளூடூத்ல கனெக்ட் ஆகி பாட்டு ஃபுல் சவுண்ட்ல வந்துருச்சாம், பொம்பளைங்களப் பத்தி அவ்ளோ அசிங்கமா, பின்சீட்ல மாமியார் வேற. வீட்டுக்கு வந்து அவன் போன்ல இருந்த பாட்டு ஆப்பையே அழிச்சிட்டாங்க, இப்ப பையன் முகம் குடுத்துப் பேசறதில்ல. "நான் செஞ்சது தப்பா அக்கா?"

கோபப்பட்டது தப்பே இல்ல தங்கச்சி. ஆப்பை அழிச்சது தான் வேஸ்ட், ஃப்ரெண்டு போன்ல கேட்டுட்டுப் போறான்.

இந்தச் சண்டை அமெரிக்காவுல 1985லயே நடந்தது. டிப்பர் கோர்னு ஒரு அம்மா, மக கேட்ட பாட்டுல இருந்த வரியால கொதிச்சுப்போய் இன்னும் சில பேரைச் சேத்துக்கிட்டு செனட் விசாரணை வரைக்கும் கொண்டு போனாங்க, ஆல்பம் அட்டையில பெத்தவங்களுக்கு எச்சரிக்கைன்னு வருமே கறுப்பு வெள்ளை லேபிள், அது அப்படி வந்தது தான். பிள்ளைங்களுக்கு அதுவே விளம்பரமாயிருச்சு (எங்க செட்டுல லேபிள் இருந்தா தான் கேசட்டுக்கே மவுசு). 1990ல ஃப்ளோரிடாவுல 2 லைவ் க்ரூங்கிற ராப் குழுவோட ஆல்பத்தை ஆபாசம்னே ஒரு ஜட்ஜ் தீர்ப்பு சொன்னாரு, 1992ல மேல்கோர்ட் அதை ரத்து பண்ணிருச்சு.

கெட்ட வார்த்தைன்னாலே எல்லாம் ஒண்ணு இல்ல. தெருவுல செத்த நண்பனை நினைச்சு கோபத்துல வர்றது வேற, பொண்ணை சாமான் மாதிரி பேசறது வேற. ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு 2018ல புலிட்சர் பரிசு வாங்கிக்குடுத்த ஆல்பத்துலயும் அந்த லேபிள் இருக்கு. அதனால வார்த்தையை எண்ணாதீங்க, பாட்டு யாரை மட்டம் தட்டுதுன்னு பாருங்க. அப்படிப் பாத்தா நம்மளும் மாட்டுவோம், கல்யாண டின்னர்ல பிரைமரி 1 புள்ளைய டபுள் மீனிங் குத்துப்பாட்டுக்கு ஆட விட்டு வீடியோ எடுக்கறோமே, அதைப் பையன் கேட்டா என்ன சொல்வீங்க?

ஆப்பைத் திரும்பப் போட்டுக் குடுங்க. அப்புறம் ஒருநாள் நீங்களும் அவனும் மட்டும் கார்ல போறப்ப அவனையே 3 பாட்டு போடச் சொல்லுங்க, எதிர்ல உக்காத்தி வச்சுக் கேட்டா விசாரணை மாதிரி ஆயிரும், கார்ல அவன் ஜன்னலைப் பாத்துக்கலாம். "இந்த வரியை உன் க்ளாஸ் பொண்ணு முகத்தைப் பாத்து சொல்வியா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க, உடனே பதில் வரலைன்னா விட்டுருங்க.

சின்னவ இருக்கான்னு எழுதியிருக்கீங்க, அவளுக்கு ஸ்பாட்டிஃபை ஃபேமிலி பிளான்ல அந்த மாதிரிப் பாட்டை ஆஃப் பண்ணிரலாம். ஆனா பாட்டுக் கம்பெனிக்காரன் ஆபாசம்னு அடையாளம் போட்டுக் குடுத்த பாட்டு தான் அதுல தடைபடும், மத்தது நழுவி வந்துரும்.

மாமியார்கிட்ட என்ன சொல்றதுன்னும் கேட்டிருக்கீங்க. அது உங்க பாடு.