என் டெஸ்க்டாப்பின் ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை. புது ஃபேன் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அநேகமாக வேண்டியிருக்காது. நான் அவசரப்பட்டு வாங்கினேன், அதுவும் தப்பான ஃபேனை. அந்தக் கதை கடைசியில் வருகிறது.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்து போகிற தூரத்தில். நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் இரவு ஒரு மணி வரைகூட கம்ப்யூட்டர் ஓடும். ஒருநாள் உள் அறையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, "இந்த நேரத்துல யார் வீட்லடா மாவரைக்கிறாங்க?" என்று கேட்டார். நம் வீட்டில்தான் என்று பெட்டியைக் காட்டினேன்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாச் சத்தமும் ஒரே நோய் இல்லை. வேலை கூடும்போது 'உஸ்ஸ்' என்று காற்று இரைந்து, வேலை முடிந்ததும் அடங்கினால் ஃபேன் மேல் தப்பில்லை. உள்ளே சூடு ஏறுகிறது, அது ஓடி ஓடித் தணிக்கப் பார்க்கிறது. ஆன் செய்ததுமே 'கரகர'வென்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் குறைந்தால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கிறது. பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினால் நின்றுபோகிற 'டர்ர்ர்' என்ற சத்தம் வெறும் அதிர்வு. சந்தேகமாக இருந்தால் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஓடும் ஃபேனின் நடு ஸ்டிக்கரில் விரல் நுனியை மெதுவாக வைத்து ஓரிரு விநாடி நிறுத்திப் பாருங்கள். இறக்கையில் விரல் படக்கூடாது. எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் நிறுத்தியும் சத்தம் வந்தால் ஹார்ட் டிஸ்க்காகவோ எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) ஃபேனாகவோ இருக்கும்.

என் வீட்டில் முதல் குற்றவாளி கம்ப்யூட்டர் டேபிள். நாம் எல்லோரும் 'சிபியு' என்று சொல்கிற அந்தப் பெட்டியை வைக்க டேபிளிலேயே ஒரு மர அறை கொடுத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் ஒயர் போக மட்டும் ஓட்டை, அதையும் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். பெட்டி பின்னால் விடுகிற சூட்டுக் காற்று வெளியே போக வழியில்லாமல் சுற்றி வந்து முன்பக்கமாகவே திரும்ப உள்ளே போகிறது. பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். பைசா செலவில்லாமல் பாதிச் சத்தம் போனது. உங்களுடையதும் அப்படி மர அறைக்குள் இருந்தால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதை முதலில் செய்யுங்கள்.

அடுத்தது தூசி. கடற்கரையில் இது சாதாரணத் தூசி இல்லை. உப்புக் காற்று படிந்த தூசி ஈரத்தை இழுத்துக்கொண்டு கம்பளி மாதிரி ஒட்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சேர்ந்து அதைப் பிசினாக்கியிருந்தன. ஃபேனைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதைக் கழற்றிவிட்டுக் கீழே, புராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினிய ஹீட்சிங்கைப் பாருங்கள், இடுக்குகளை மூடி ஒரு பாய் விரித்த மாதிரி இருக்கும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அந்தப் பாயைத் தாண்டிப் போகாது. பவர் ஒயரை உருவிவிட்டு, பெயின்ட் அடிக்கிற ஒரு அங்குலப் பிரஷால் எடுத்தாலே போதும். புளோயர் வைத்து ஊதுவதானால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும். முன்பக்க வலையையும் மறக்க வேண்டாம், காற்று நுழைகிற வாசலே அதுதான்.

கழற்றியது கழற்றியாயிற்று, அப்படியே தெர்மல் பேஸ்ட்டையும் (புராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவுகிற பசை) மாற்றிவிடுங்கள். என்னுடையது 2016இல் வாங்கிய இயந்திரம், பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. பழையதைச் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். இன்டெல் புராசஸரோடு வரும் கூலரில் (ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தது) நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அவற்றை எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஒரு பின் சரியாக உட்காராவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, செய்த வேலை எல்லாம் வீண். சும்மா இருக்கும்போதே புராசஸர் சூடு 62 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது, இதற்கெல்லாம் பிறகு 45இல் நின்றது.

அக்னி நட்சத்திரத்தில் பலர் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். சோதனைக்கு அது நல்லதுதான், தகட்டைக் கழற்றியதும் சூடு மளமளவென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். ஆனால் அப்படியே விட்டால் சத்தம் நேராக உங்கள் காதுக்கு வரும், கடற்காற்று நேராக மதர்போர்டுக்குப் போகும்.

சூடு அடங்கிய பிறகும் ஃபேன் வீம்புக்கு ஓடினால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங் திரையில், பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போனால் ஃபேன் கன்ட்ரோல் இருக்கும். கிகாபைட் போர்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும், ஆசஸ் போர்டில் கியூ-ஃபேன் என்றும் பெயர். முக்கியமான விஷயம்: ஒயரில் நான்கு பின் உள்ள ஃபேனுக்கு பிடபிள்யூஎம் (நான்காவது ஒயர் வழியாக வேகத்தை மாற்றும் முறை), மூன்று பின் உள்ளதற்கு டிசி (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்து மாற்றும் முறை) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பின் ஃபேனை பிடபிள்யூஎம்மில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். நிறையப் பேர் வீட்டில் இரைச்சலுக்குக் காரணம் இதுதான்.

வேகத்தைக் குறைக்கப் பயப்பட வேண்டாம். 20 சதவீதம் குறைத்தால் காற்றும் 20 சதவீதம் குறையும், ஆனால் சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபல் இறங்கிவிடும். பாதியாக்கினால் 15 டெசிபல். இந்தக் கணக்கு நமக்கு லாபமான கணக்கு. பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதன் ரகசியமும் இதுதான். நினைத்து நினைத்து ஏறி இறங்குவதுதான் உங்களுக்கு எரிச்சல் என்றால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் புராசஸரின் உச்ச அளவை 100இலிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் டர்போ, அதாவது புராசஸர் தேவைப்படும்போது கூடுதல் வேகம் எடுப்பது, நின்றுவிடும். டேலியும் எக்செல்லும் ஓட்டுகிறவனுக்கு அது போனதே தெரியாது. வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பேரிங் கரகரப்புக்கு எண்ணெய். ஃபேனின் பின்பக்கம், சுற்றாத நடுப்பகுதியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் பல ஃபேன்களில் சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டு, கையால் சுற்றிவிட்டு மூட வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தைத் துடைக்காவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டாது. சீல் செய்த ஃபேனாக இருந்தால் திறக்க வழியே இருக்காது, அதைப் போட்டுப் படுத்த வேண்டாம். இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று வீட்டில் மெஷின் எண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு மாதம் அமைதியோ அமைதி. மார்கழி வந்தது. விடிகாலையில் கோயில் மைக்கில் திருப்பாவை கேட்டுக்கொண்டே ஆன் செய்தால், திரையில் 'சிபியு ஃபேன் எரர்'. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும் என்று குளியலறைப் பாட்டிலைத் தினமும் பார்க்கிற எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் லாரன்ஸ் ரோடுக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் மெஷின் எண்ணெய் வாங்கி வந்தேன், இன்னும் தீரவில்லை.

மிச்சமிருந்த 'டர்ர்ர்' சத்தத்துக்கு வைத்தியம் பார்த்தது அம்மா. "கிரைண்டர் ஆடுனா சாக்கை மடிச்சு அடியில வைப்போம்ல, அத மாதிரி வையேன்" என்றார். நம்பிக்கை இல்லாமல் பழைய மவுஸ் பேடை நான்காக வெட்டிப் பெட்டியின் நான்கு மூலைக்கும் கொடுத்தேன், நின்றுவிட்டது. பக்கத் தகட்டின் ஸ்குரூ ஒன்று உப்பில் துருப்பிடித்துத் தளர்ந்திருந்ததும் பிறகுதான் கண்ணில் பட்டது.

எஸ்எம்பிஎஸ் ஃபேன்தான் கத்துகிறது என்றால் அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து முடியவில்லை என்றால் ஃபேன் வாங்கலாம். ஆனால் அளவெடுப்பதில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஃபேன் அளவு என்பது சட்டத்தின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை. ஸ்குரூ ஓட்டைகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 105, 92க்கு 82.5, 80க்கு 71.5 என்று வரும். நான் ஓட்டைகளை அளந்துகொண்டு பாண்டிக்கு பஸ் ஏறி, 82.5க்குப் பக்கத்தில் என்று 80 மில்லிமீட்டர் ஃபேனை வாங்கி வந்தேன். மூன்று பின், கறுப்பு நிறம், ஒருநாள்கூட ஓடாதது. டிராயரில் சும்மாதான் கிடக்கிறது. கடலூர்ப் பக்கம் யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள், காசு வேண்டாம்.