வியாழன் மேகங்களுக்குக் கீழே: கேள்வி பதில்

ஞாயிறு காலை ஹலசூர் ஏரிக்கரையில் நம் வானியல் வட்டம் கூடியபோது நேரமில்லாமல் விட்டுப்போன பதில்கள் இவை.

இந்திரா நகர் நண்பர்: சார், 1995-ல் வியாழனுக்குள் விழுந்த கலிலியோ கலம் தண்ணீரே இல்லை என்றதாமே?

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றது. அது இறங்கியது காற்று கீழ்நோக்கிப் பாயும் வறண்ட இடம். ஜூனோ விண்கலத்தின் 2020 கணக்குப்படி, நடுக்கோட்டுப் பகுதியில் மூலக்கூறுகளில் சுமார் 0.25 சதவீதம் தண்ணீர்.

ஜாலஹள்ளி அக்கா: மேகம் ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது?

பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேக நேரமாகும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆவியழுத்தத்தின் அதே விதிதான் வியாழனிலும்: எந்தக் குளிரில் ஆவி மேகமாகும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். வெதுவெதுப்பான ஆழத்தில் தண்ணீர் மேகம், உறைகுளிரான உச்சியில் அம்மோனியாப் பனி. நடுவே அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்த அம்மோனியம் ஹைட்ரோசல்ஃபைடு இருக்க வேண்டும் என்பது வேதியியல் கணக்கு.

கல்லூரி மாணவர்: பாஸ்ஃபீன் மேலே எப்படித் தெரிகிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, தம்பி. பாஸ்ஃபீன் என்பது பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. ஆழத்துச் சூட்டில் அது நிலையானது. மேலே குளிர வரும்போது தண்ணீரோடு வினைபுரிந்து அழிந்திருக்க வேண்டும். ஆனாலும் வியாழனிலும் சனியிலும் தெரிகிறது. கடலை மிட்டாய்ப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். இயல்பாக ஆறினால் சர்க்கரை படிகமாகிவிடும். சட்டென்று தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காமல் கண்ணாடிபோல உறைந்துவிடும். அங்கும் காற்று மேலேறும் வேகத்துக்கு வினையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால் மேலே தெரியும் பாஸ்ஃபீன் ஆழத்திலிருந்து வந்த செய்தி.

சரி, அழிந்தால் எதுவாக மாறும்? இங்கேதான் கவனம் வேண்டும். நான்கு பாஸ்பரஸ், ஆறு ஆக்சிஜன் கொண்ட ஆக்சைடாக மாறுமா என்று பார்க்க, அதன் உருவாதல் வெப்பம் (தனிமங்களிலிருந்து அது உருவாகும்போதான வெப்ப மாற்றம்) தேவை. அது வேதிப்பொருள்களின் வெப்பத் தரவுகளைத் தரும் ஜானாஃப் அட்டவணையில் ஒன்று, அதேபோன்ற குர்விச் தொகுப்பில் வேறொன்று. மோலுக்கு ஏறத்தாழ 600 கிலோஜூல் வித்தியாசம்! எந்த எண்ணை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து விடையே மாறிவிடும். கணினி மாதிரியை ஓட்டுமுன் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி: யுரேனஸ் நாறுமா அங்கிள்?

நாறும் கண்ணா! அழுகிய முட்டை வாசம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடை 2018-ல் ஜெமினி தொலைநோக்கி வழியாகக் கண்டுபிடித்தார்கள். வியாழனில் அது அம்மோனியாவோடு சேர்ந்து கீழேயே அடங்கிவிடுகிறது. யுரேனஸில் அம்மோனியா போதாததால் மிஞ்சிய ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே வந்துவிட்டது.