ஆய்வகத்தில் துடிக்கும் இதயச் செல்கள் அம்மாவின் கீமோவுக்கு உதவுமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் அம்மாவுக்கு வயது 54, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, தஞ்சாவூரில் கீமோ நடக்கிறது. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு முறை இருக்கிறது. அது இதயத்தைப் பாதிக்கும் என்கிறார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) உருவாக்கி, அதை இதயச் செல்லாக வளர்த்து, மருந்தை முதலில் அதன்மேல் சோதித்துப் பார்க்கலாம் என்று படித்தேன். அம்மாவுக்கு அதைச் செய்ய முடியுமா? உறவினர் ஒருவரோ, பெருநகரத்தில் ஒரு தனியார் மையத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் பழுதாகாது, 3 லட்சம் ஆகும் என்கிறார். சம்பா அறுவடைப் பணம் வந்ததும் அழைத்துப் போகலாமா?

பதில்: தம்பி, முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. இரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை, இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர, வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சை அல்ல. இதயத்துக்கு என்று சொல்லிப் பணம் வாங்கி ஊசி போடுகிறவர்கள் அந்த வழிகாட்டுதலை மீறுகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருக்கும் ஒருவருக்கு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத செல்களை ஏற்றுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சம்பா பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நீங்கள் படித்த விஷயம் இதற்கு முற்றிலும் வேறானது. அது உண்மையான அறிவியல். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமானாக்கா, 2006-ல் எலியின் செல்லிலும் 2007-ல் மனிதத் தோல் செல்லிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்துவிட்ட செல்லை மீண்டும் கருநிலை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படித் திருப்பிய செல்லுக்குச் சில வேதிப்பொருள்களை உரிய வரிசையில் கொடுத்தால் அது இதயத் தசைச் செல்லாக மாறுகிறது. பத்து நாள் வாக்கில் தட்டிலேயே துடிக்கத் தொடங்கிவிடும். நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டின் அடியில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்து, மருந்து சேர்த்தபின் துடிப்பு எப்படி மாறுகிறது, செல்கள் மடிகின்றனவா என்று அளக்கிறார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பின்னால் ஒரு துயரமான கதை இருக்கிறது. டெர்ஃபெனடின் என்று ஓர் ஒவ்வாமை மாத்திரை இருந்தது. தூக்கக் கலக்கம் தராது என்பதால் உலகெங்கும் விரும்பி வாங்கினார்கள். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் நேரவில்லை. ஆனால் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தையோ எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையோ சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரலின் அந்த வேலை தடைப்பட்டது. மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் ஏறி, இதயச் செல்லின் ஒரு பொட்டாசியம் வாயிலை அடைத்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் தன் மின்னிலையைச் சரிசெய்துகொள்வது அந்த வாயில் வழியாகத்தான். அது அடைபட்டால் ஈசிஜியில் கியூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பு தொடங்கியதிலிருந்து இதயம் மின்னளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரம், நீளும். துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். உயிர்கள் போயின. 1998-ல் அமெரிக்காவில் அந்த மாத்திரை விலக்கப்பட்டது. கல்லீரல் அதை மாற்றித் தரும் அந்தப் பொருள்தான் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் ஃபெக்சோஃபெனடின் என்ற பெயரில் கிடைக்கிறது.

அதன்பின் புதிய மருந்துகளை அந்தப் பொட்டாசியம் வாயிலில் சோதிப்பது நடைமுறையானது. 2005-ல் சர்வதேச நெறிமுறைகளே வந்தன. இதிலும் ஒரு குறை. வெராபமில் என்ற பழைய இதய மாத்திரை அதே வாயிலை அடைக்கிறது, ஆனால் கால்சியம் வாயிலையும் சேர்த்து அடைப்பதால் அந்த ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்குவதில்லை. ஒற்றை வாயிலை மட்டும் பார்த்திருந்தால் அந்த நல்ல மருந்தைத் தூக்கி எறிந்திருப்போம். எல்லா வாயில்களும் ஒன்றாக இயங்கும் முழு மனித இதயச் செல்லில் பார்க்க வேண்டும் என்ற முயற்சி 2013 முதல் வலுப்பெற்றதற்கு இதுவே காரணம். விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய முறைகளை ஏற்க அமெரிக்கா 2022-ல் சட்டத்தைத் திருத்தியது. இந்தியாவும் 2023-ல் விதிகளைத் திருத்தியது.

உங்கள் அம்மாவின் மருந்தையே இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். டாக்சோரூபிசினால் இதயம் பாதிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகள் சிலரிடமும், அதே மருந்தால் பாதிக்கப்படாத சிலரிடமும் செல்களை எடுத்து இதயச் செல்லாக வளர்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் செல்களே தட்டிலும் அந்த மருந்துக்கு அதிகம் நலிந்தன. 2016-ல் நேச்சர் மெடிசின் இதழில் இது வெளிவந்தபோது, நாங்கள் பல காலமாகச் சந்தேகித்துவந்த ஒன்று உறுதியானது: ஒருவருடைய இதயம் இந்த மருந்தைத் தாங்குமா என்பதில் பிறவியிலேயே வரும் பங்கு உண்டு.

அப்படியானால் அம்மாவுக்கு ஏன் செய்யக்கூடாது? இரத்தம் எடுத்து, செல்லைத் திருப்பி, தரம் பார்த்து, இதயச் செல்லாக்கி, ஓரளவு முதிர விட்டுச் சோதிக்கப் பல மாதங்கள் ஆகும். அம்மாவுக்கு அடுத்த கீமோ ஊசி வழக்கமாக 21 நாளில். புற்றுநோய் அதுவரை காத்திருக்காது. காலம் கிடைத்தாலும், தட்டில் துடிப்பவை கருவிலுள்ள குழந்தையின் இதயச் செல்லைப் போன்ற இளம் செல்கள். நாற்றங்காலில் இருக்கும் நாற்றைப் பார்த்து, ஐப்பசி மழையில் அந்தப் பயிர் சாயுமா நிற்குமா என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது அல்லவா? தவிர, தட்டில் கல்லீரல் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, 54 வருட வாழ்க்கை இல்லை. இன்றைய நிலையில் இது மருந்து கண்டுபிடிப்பவர்களின் கருவி. நோயாளி ஒருவருக்கு எழுதித்தரும் பரிசோதனை அல்ல.

அம்மாவுக்கு இப்போதே செய்ய வேண்டியவை வேறு. மொத்தம் நான்கு முறை என்றால், வழக்கமான அளவில் ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 240 மில்லிகிராம் வரும். பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மொத்த அளவு 400-ஐத் தொட்டபோது சுமார் நூற்றுக்கு 5 பேருக்கும், 550-ல் சுமார் 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்தது. அம்மாவின் அளவு அதற்கு வெகு கீழே. இது எனக்கு ஆறுதல் தருகிறது, உங்களுக்கும் தரட்டும். ஆனால் இரத்த அழுத்தம் இந்த ஆபத்தைக் கூட்டும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. கீமோ தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். எடுக்கவில்லை என்றால் மூன்றாவது ஊசிக்கு முன்பே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுக்கலாம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் விகிதம் அதில் இருக்கும். அது முன்பைவிடப் பத்துப் புள்ளிகளுக்கு மேல் குறைந்து 50-க்குக் கீழே போனால், புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து இதயத்துக்கான மாத்திரை தொடங்கினால் மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் கியூடி இடைவெளியை நீட்டக்கூடியதுதான். மருத்துவர் தரும் அளவில் பயமில்லை. ஆனால் சளி, இருமல் என்று கடையில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதுவும் கியூடியை நீட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்திருக்கும் உடம்பில் இவை சேரக்கூடாது. அம்மாவுக்குக் கடையில் கேட்டு ஒரு மாத்திரையும் வாங்காதீர்கள். நாட்டு மருந்து உட்பட அவர் சாப்பிடும் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படுத்தால் திணறி எழுந்து உட்காருவது, பாதம் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை ஏறுவது, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் அன்றே போய்விடுங்கள். கீமோ முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் இந்தப் பாதிப்பு வரலாம் என்பதால், மொத்தம் எத்தனை மில்லிகிராம் டாக்சோரூபிசின் ஏறியது என்று கடைசி ஊசியன்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தால் கெடுதல் நேர்ந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.