மார்கழி விடியலில் மக்கர் செய்யும் லாரி

கேள்வி: பாம்பனில் மீன் ஏற்றும் பழைய லாரி. மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிறது. பகலில் ஒரே அடியில் எடுக்கிறது. குளிருக்கென்று வேறு இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நம் கடற்கரையில் மார்கழி, தை விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வழக்கமான 15டபிள்யூ-40 ஆயில் உறைபனியிலும் வேலை செய்யும். டீசல் உறைவதெல்லாம் லடாக் சங்கதி. மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது அந்த ஊருக்காகத்தான்.

வெள்ளைப் புகை என்பது எரியாமல் ஆவியாகி வரும் டீசல். ஆக, டீசல் சிலிண்டருக்குப் போகிறது. பற்றிக்கொள்ளச் சூடுதான் போதவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்துவதால் வரும் சூடுதான் எல்லாம். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தக் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசியும், சூடும் சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். பகலில் இன்ஜின் வெதுவெதுப்பாக இருப்பதால் குறை தெரிவதில்லை.

செல்ஃப் மெதுவானால், மீன் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் பாட்டரி நெகட்டிவை இன்ஜின், சேஸிஸோடு இணைக்கும் எர்த் கேபிள் மேல்தான். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் சேஸிஸ் மேலேயே வழிகிறது. போதாததற்குக் கடல்காற்று வேறு. மல்டிமீட்டர் ஒன்று போதும். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் இரண்டு பாட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதுதான் மற்றதையும் இழுக்கிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை எர்த் கேபிள் மாட்டிய பாட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். பாஸிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பாட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை பார்க்கலாம்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பச்சை பூத்த டெர்மினலை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் வாசலின். உறைக்குள்ளேயே கறுத்துப்போன கேபிளைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டேப்பட் (வால்வு) இடைவெளி, டீசலைத் தூவும் நாஸில், சிலிண்டரில் காற்று அழுந்தும் கம்ப்ரஷன் என்ற வரிசையில் பட்டறையில் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவே ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்பிரே அடிக்கும் குறுக்குவழி ரிங்கை உடைக்கும்.

கேள்வி: தொண்டியில் டிப்பர் ஓட்டுகிறோம். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை. ஹேண்ட் பம்பை அடித்தால்தான் எடுக்கிறது. டீசல் எங்கும் ஒழுகவில்லையே?

பதில்: ஒழுகாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். டேங்கை நிரப்பி நிறுத்திய மறுநாள் தொல்லை குறைந்தால் இதுவேதான். அந்தக் குழாயில் ஒரு துண்டு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் செருகி இன்ஜினை ஓட விட்டால் குமிழ் ஓடுவது தெரியும். பழைய காப்பர் வாஷர், விறைத்த ஹோஸ், தளர்ந்த கிளிப், ஹேண்ட் பம்பின் அடிப்பகுதி இவற்றை டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பின்பு ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை பம்ப் அடித்து இறுக்குங்கள். மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் வண்டியானால் ஹை பிரஷர் குழாயை மட்டும் தொடவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

கேள்வி: காலையில் கால் மணி நேரம் ஐடிலில் விடுவது நல்லதா?

பதில்: டீசல்தான் வீண். ஆயில் பிரஷர் ஏறி, பிரேக்குக்குக் காற்று நிறையும்வரை போதும். முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் இன்ஜின் தானே சூடாகும். பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த வண்டியில் நீண்ட ஐடில் புகைக்கரி ஃபில்டரையும் அடைக்கும்.